சாலம்மாளின் அயோடின் நாட்கள்

வெள்ளிமலையில் சாமை விதைக்கும் சாலம்மாளுக்குக் கழுத்துச் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. குரல் கரகரக்கும்வரை களையெடுப்பை அவள் நிறுத்தவில்லை. அறுவை சிகிச்சை முடிந்தபின், மிச்சத்தை அழிக்கக் கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுத்து ஆஸ்பத்திரியில் தனியறையில் வைத்திருந்தார்கள். வீட்டிலும் அவர்கள் குறித்துக் கொடுத்த தேதிவரை தனியாக இருக்க வேண்டும், கர்ப்பிணி கிட்டவே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மருமகள் ஷாலினிக்கு ஐந்தாம் மாதம். முந்தைய கரு கலைந்திருந்தது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

கழிவறையுள்ள புது வீட்டைச் சாலம்மாளுக்கு விட்டுவிட்டு, மற்றவர்கள் கொல்லைக்கு அந்தப் பக்கமிருந்த பழைய வீட்டுக்குப் போனார்கள்.

"எனக்கு இன்னா ஒட்டுவாரொட்டியா?" என்று சாலம்மாள் கேட்டாள்.

இல்லை என்றேன். அணுவின் நடுவில் கரு இருக்கிறது. அதிலுள்ள புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும். மிக நெருக்கத்தில் மட்டும் வேலை செய்யும் பலமான ஒரு விசை அவற்றையும் நியூட்ரான்களையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. மருந்து அயோடினில் நியூட்ரான்கள் அதிகம். அதன் கரு நிலைக்காது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது கதிர் வெளிப்படும். ஒரு வகைக் கதிர் கழுத்துக்குள்ளேயே நோயைக் கொல்லும். இன்னொன்று உடம்பைத் தாண்டி, பக்கத்தில் இருப்பவர்மேல் விழும். அணுக்கருவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களோடுதான் சோப்பும் தண்ணீரும் நெருப்பும் பழகும். கருவை அவை தொடுவதில்லை. நாள் போகப் போக அது தானாகத்தான் அடங்கும்.

"உள்ளார ஆளு ஜாஸ்தி. அதான் ரகளை," என்றாள்.

அவள் கணவர் இருசப்பன் இதையெல்லாம் கேட்கவில்லை. தனியாக இருப்பது, பிள்ளைத்தாச்சி வரக்கூடாது என்பது அவரைப் பொறுத்தவரை அம்மைதான். வாசலில் வேப்பிலை கட்டினார். ஒருநாள் நான் வருவதற்குள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை அவள் தலைக்கு ஊற்றிவிட்டார். அம்மைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் யாரும் உள்ளே போகலாம்.

"ஊத்தியாச்சு நர்சம்மா. இனிமே ஒண்ணும் கெடையாது."

"தண்ணி நெறைய குடிக்கத்தான சொன்னேன்? ஊத்தவா சொன்னேன்?"

அதற்குள் ஷாலினி எண்ணெயும் சீப்புமாகப் படியேறிவிட்டாள். நான் எட்டுவதற்குள் உள்ளேயிருந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள் சாலம்மாள்.

"அத்த, தல வாரி வுடறேன். தொறங்க."

"போடி அந்தாண்ட."

"மாமாதான் தண்ணி ஊத்திட்டாருல்ல?"

"அது மயிரு மேலதான் ஓடிச்சு. மருந்து கழுத்துல கீது."

"நீங்க வந்ததுலேர்ந்து மூஞ்சியே காட்டல. என்ன புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க."

"புடிக்கல. போ."

ஷாலினி எண்ணெய்க் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு இறங்கினாள். மதியமே சங்கராபுரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். சாலம்மாளின் மகன் வெற்றிவேல் ஜீப்பில் கூட்டிப்போனான்.

"பதமா சொல்லியிருக்கலாம்," என்றேன், ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்று.

"பதமா சொன்னா இங்கியே குந்திக்கினு இருப்பா. கோவம் வந்தாதான் போவா."

ஜீப் வளைவில் மறையும்வரை ஜன்னலிலேயே நின்றாள். பிறகு தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, இருசப்பனைத் திட்டத் தொடங்கினாள்.