ஷூவுக்குள் தேடிய கை

மூன்று வருடத்துக்கு முன்னால், பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதத்தில் இது தொடங்கியது. மாதனூர் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு, கம்பெனி பஸ் ஏறிப் போய், ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். அப்போது பதினாலு வருடமாக அதே வேலை. சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள் என்பதால் வேலையில் தப்பு வராது. அதனால் நல்ல பேர்தான்.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்திவிட்டு, உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து ஸ்டோரில் கொடுக்க வேண்டும். ஸ்டோரில் இருக்கும் பெண் துண்டுகளைச் சேர்த்து வைத்து, முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டுவாள். அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அங்கிருக்கும் ஷூ ஒன்றுகூட வெளியே போகாது. போட்டுக்கொள்கிறவர் காலில் ஏறிவிடக் கூடாதே.

அன்றைக்குக் குழந்தைகள் ஷூ ஓடிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஊசி உடைந்தது. மூன்று துண்டு. மூன்றும் கிடைத்தது. ஸ்டோர் பெண் ஒட்டினாள், சூப்பர்வைசர் பார்த்தார். அந்த ஷூக்கள் இரும்பைக் கண்டுபிடிக்கும் மெஷினுக்குள்ளும் போய் வந்தன. சத்தம் வரவில்லை. எல்லாருக்கும் விஷயம் அங்கேயே முடிந்தது.

எனக்கு மட்டும் முடியவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்ததும், ‘ஊசி முனை கொஞ்சம் குட்டையா இருந்துச்சோ?’ என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். வீடு போய்ச் சேருவதற்குள் எந்த நாட்டிலோ ஒரு குழந்தை காலைத் தூக்கிக்கொண்டு அழுவது என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாக ஸ்டோருக்கு ஓடினேன். அந்தப் பெண் நோட்டைத் திறந்து காட்டினாள்.

“இந்தா பாருக்கா. மூணு துண்டு. முழு ஊசி.”

நெஞ்சு லேசானது. மதியம் சாப்பாட்டு நேரத்துக்குள் மறுபடி கனத்துவிட்டது. மறுபடி போனேன். அப்புறம் தினமும் போனேன். ஒரு நாள் அவள் சிரித்துக்கொண்டே, “இன்னாக்கா, ஊசிக்குப் பூ வெச்சுக் கும்பிட வர்றியா?” என்றாள். ஆனாலும் காட்டினாள். நல்ல பெண்.

அந்தச் சரக்கு கன்டெய்னரில் ஏறும் நாள் வந்தது. ஏறிவிட்டால் பிறகு தேட முடியாதே என்ற எண்ணம் வந்ததும் மெஷினை விட்டு எழுந்து பேக்கிங் பக்கம் ஓடினேன். ஒட்டியிருந்த பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் விரலை விட்டுத் தடவினேன். சூப்பர்வைசர் ஓடி வந்து, “அக்கா, விடுங்கக்கா, இன்னா பண்றீங்க?” என்று கத்தியது கேட்டது. கை மரத்துப் போனது. மூச்சு உள்ளே போகவில்லை. நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிவது போல இருந்தது. செத்துப் போகிறேன் என்றே நினைத்தேன். கையில் ஒரு குட்டி ஷூவோடு அப்படியே விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த ‘ஒன்றும் இல்லை’ இருக்கிறதே, அதுதான் என்னைக் கொன்றது. ஏதாவது இருந்திருந்தால் நாலு பேர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருப்பார்கள். என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் புரியவில்லை.

“அதான் ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்ட்டாரே. இன்னும் இன்னாத்துக்கு எல்லாரையும் பேஜார் பண்ற?”

மசூதி வாசலில் ஓதித் தந்த தண்ணீர் குடித்தேன். கையில் கயிறு கட்டிக்கொண்டேன். கம்பெனியில் என்னை மெஷினிலிருந்து எடுத்து, பிசிறு நூல் வெட்டும் இடத்தில் உட்கார வைத்தார்கள். பஸ்ஸில் நான் எழுந்தால், “பாத்து உக்காருங்கடி, சீட்ல ஊசி இருக்கப் போவுது” என்று பின்னாலிருந்து குரல் வரும். சிரிப்பு வரும். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டேன்.

வீட்டில் இருந்தால் சரியாகும் என்று நினைத்தேன். வீட்டிலும் ஒரு ஜோடி ஷூ இருந்தது.

என் மகள் அப்போது ஒன்றாவது. காலையில் அவள் போட்டுக்கொள்வதற்கு முன்னால் அந்தக் கறுப்பு ஷூவுக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். முதலில் ஒரு தடவை. பிறகு மூன்று. பிறகு எண்ணிக்கை தவறிப்போனால் முதலிலிருந்து. வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வேன் போயே விட்டது. “அம்மா, போதும்மா” என்று அவள் அழுதாள். எனக்கும் அழுகை. கை மட்டும் நிற்கவில்லை.

அப்படி ஒரு காலை. நான் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் வாசற்படியில் உட்கார்ந்து வலது ஷூவுக்குள் கையை விட்டுத் தடவுகிறாள். பிறகு இடது. மறுபடி வலது. உதடு எண்ணுகிறது.

“ஊசி இல்லம்மா, நானே பாத்துட்டேன். நீ அழாத” என்றாள். காலை உள்ளே விட்டவள் உடனே வெளியே எடுத்தாள். “இரு, இன்னொரு வாட்டி பாத்துக்கறேன்.”

அவள் முகத்தில் இருந்தது விளையாட்டு இல்லை. அது என் முகம்.

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பைத்தியம் என்று திட்ட, “பாகாயத்துக்கு அனுப்பணும்” என்பார்கள். மனநோய்க்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு நானே கணவரிடம், “என்னைப் பாகாயத்துக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றேன். அவர் ஆட்டோ சாவியை எடுத்தார்.

அங்கிருந்த பெண் டாக்டர் நான் சொன்னது முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை. “இது பதற்ற நோய். சுகர் மாதிரி இதுவும் ஒரு வியாதி. நீங்க வேணும்னு பண்றது இல்ல” என்றார். பிறகு கேட்டார்: “ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் பயம் கொஞ்சம் கம்மியாகுது இல்லையா? அதுதான் இந்த வியாதிக்குத் தீனி. பாக்கப் பாக்க அது வளரும்.”

ஸ்டோர் பெண் அன்பாகக் காட்டிய அந்த நோட்டு எனக்கு நினைவுக்கு வந்தது.

“மேடம், அந்த ஷூவுல ஊசி இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்குப் போதும்.”

“சொல்ல மாட்டேம்மா. சொன்னா நாளைக்கும் கேக்க வருவீங்க.”

அந்த நிமிடம் அவரை வெறுத்தேன். ஊசி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே வாழப் பழகு என்கிறாரே, அது எப்படி முடியும்? அது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தெரியவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன். மாதம் ஒரு முறை போய் வருகிறேன். தூக்கம் வருகிறது. காலையில் மகள் ஷூ போடும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நிற்க வேண்டும், அதுதான் எனக்குக் கொடுத்த பயிற்சி. சில நாள் நிற்கிறேன். சில நாள் தோற்றுப்போகிறேன். மெஷினில் மறுபடி உட்காரும் தைரியம் இன்னும் வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை.

மகள் இப்போது நாலாவது படிக்கிறாள். அவளையும் டாக்டரிடம் காட்டியிருக்கிறோம். சின்ன வயசு, சரியாகிவிடும் என்கிறார்கள். ஆனால் நான் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது ஷூவைக் கவிழ்த்துத் தரையில் தட்டுகிறாள். இரண்டு தடவை, சில நாள் நாலு தடவை. வேன் டிரைவர், “நல்ல பழக்கம் பாப்பா, தேள் கீள் இருக்கும்” என்கிறார்.

கடல் தாண்டிப் போன யாரோ ஒரு குழந்தையின் காலை நினைத்துப் பயந்து பயந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த குழந்தைக்குள் அந்த ஊசியை நானே ஏற்றிவிட்டேனோ என்று நினைக்காமல் ஒரு காலைகூட எனக்கு விடிவதில்லை.