காளான் என்று சொன்னேன்

ஒசாகாவில் ஒரு மழை மதியம். பத்துப் பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னக் கடை. நீளமான மரப்பலகைக்கு அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் முக்காலிகளில் நாங்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, மகள், அத்தை. அத்தை கிண்ணத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி, மூக்குக்கண்ணாடியில் ஆவி படியப் படிய, முதல் மடக்கைக் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏலே, இவ்வளவு நாளும் இத எங்க ஒளிச்சு வச்சிருந்தாவ?" என்று கேட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வேறு யாருக்கும் அது சந்தோஷமான நினைவாக இருந்திருக்கும். எனக்கு அந்த முகம் ஞாபகம் வரும்போதெல்லாம், பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் பூர்வீகம் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் குளத்தூர். அத்தை நர்ஸ் வேலைக்குப் படித்து, கோவில்பட்டியில் வேலை பார்த்து, அங்கேயே வீடும் கட்டிக்கொண்டவள். மாமாவுக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. மகன் ஏழாவது படிக்கும்போதே மாமா இறந்துவிட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் அத்தையும் அவனும்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து அத்தை வைக்கும் மீன்குழம்புக்குத் தெருவே மூக்கை நீட்டும். அம்மியில் மசாலாவை அரைத்து, புளி குறைத்து, மாங்காய் போட்டு வைப்பாள். மீன் கிடைக்காத நாளில் மாசிக்கருவாட்டை இடித்துச் சம்பல் செய்வாள். கட்டைபோல இறுகிக் கிடக்கும் மாசியைக் கையில் எடுத்து மோந்தே அது எந்தக் கரையிலிருந்து வந்தது என்று சொல்வாள். கடலோரத்துப் பிள்ளையின் நாக்கு அவளுக்கு.

எனக்குக் கல்யாணம் ஆன அடுத்த வாரம் எங்களை விருந்துக்கு அழைத்தாள். ஆட்டுக்கறி எடுத்து வைத்திருப்பதாகப் போனில் சொன்னாள். "கறி எங்க போனாலும் போடுவாவ அத்தை. ஒங்க மீன்குழம்புதான் வேணும்," என்றேன். புது மாப்பிள்ளையின் அதிகாரம் அது. மறுநாள் காலையில் சீலா மீன் வாங்கிவர மகனைப் பைக்கில் அனுப்பினாள். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பைபாஸில் லாரி மோதி அவன் விழுந்தபோது நாங்கள் பஸ்ஸில் சாத்தூரைத் தாண்டிக்கொண்டிருந்தோம். விருந்துக்குப் போன நாங்கள் துக்க வீட்டில் போய் இறங்கினோம்.

நான் கேட்டதால்தான் அவன் போனான் என்று அத்தை ஒருநாளும் சொன்னதில்லை. வேறு யாரும் சொல்லவும் விட்டதில்லை. மீனை மட்டும் விட்டுவிட்டாள். கறி தின்பாள், கோழி தின்பாள், முட்டை தின்பாள். மீன் அவள் வீட்டு வாசல்படி ஏறவில்லை. "அவன் கையில இருந்த பையி அது. ஆண்டவர்ட்ட சொல்லிட்டேன், இனி வாயில வைக்க மாட்டேன்னு," என்று ஒரே ஒரு தடவை என் மனைவியிடம் சொன்னாளாம். வேலையை விட்டுவிட்டு, என் மகள் பிறந்ததும் சென்னைக்கு வந்து எங்களோடு நான்கு வருடம் இருந்தாள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போக, குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தது எல்லாம் அவள்தான். மகளுக்கு அவள் ஆச்சி. ஜப்பானுக்குப் போகலாம் என்று நாங்கள் பேச்செடுத்தபோது, "ஆச்சி வந்தா வாரேன்," என்று மகள் சொல்லிவிட்டாள்.

அறுபத்தெட்டு வயதில் முதல் விமானப் பயணம். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். ஊர் சுற்றுவதில் எங்களைவிட அவளுக்குத்தான் ஆசை அதிகம். கியோட்டோ மலையில் ஆயிரக்கணக்கான சிவப்பு வாயில்களுக்கு நடுவே முழங்கால் வலியோடு பாதித் தூரம் ஏறினாள். நாராவில் மான்கள் தலையைக் குனிந்து பிஸ்கட் கேட்டதைப் பார்த்து, "இதுகளுக்கு யாருல மரியாதை படிச்சுக் குடுத்தது?" என்று ஒவ்வொன்றுக்கும் பதிலுக்குத் தலை குனிந்தாள். ஒசாகாவில் கால்வாயோரத்து வண்ண விளக்குப் பலகைகளை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வந்தது அவளுக்கு.

சாப்பாடுதான் சிக்கலாக இருந்தது. அந்த ஊரில் மீன் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் இருந்தது. குழம்பில், சாஸில், முட்டைப் பணியாரத்தில், சாதாரணமாகத் தெரியும் கீரைக் கூட்டின் மேலே தூவிய சீவலில்கூட. அத்தை ஒரு குறையும் சொல்லவில்லை. கடையில் அவித்த முட்டையும் வாழைப்பழமும் வெள்ளைச் சோறும் வாங்கி, கொண்டுவந்த பருப்புப் பொடியைப் போட்டுப் பிசைந்து தின்றாள். "நீங்க போய் நல்லாச் சாப்பிடுங்க, நான் இங்கன பெஞ்சில இருக்கேன்," என்பாள். குறைப்பட்டது நான். வீடியோ வீடியோவாகப் பார்த்து, சாப்பிட வேண்டிய கடைகளுக்கு ஒரு பட்டியல் போட்டு வந்திருந்தேன். ஒவ்வொரு கடை வாசலிலும் மகள் கைபேசியை நீட்டி, மீன் உண்டா என்று மொழிபெயர்த்துக் கேட்பாள். உண்டு என்பார்கள். வெளியே வருவோம். மூன்றாம் நாள் ஆனபோது, அத்தையை ஏன் கூட்டி வந்தோம் என்று எனக்குள் ஒரு முனகல் தொடங்கியிருந்தது. நான்கு வருடம் என் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவளைப் பற்றி இப்படி நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த மழை நாளில் ஐம்பது நிமிடம் வரிசையில் நின்றோம். தடித்த கோதுமைச் சேமியாவைத் தெளிந்த சாற்றில் மிதக்கவிட்டுத் தரும் கடை. உடோன் என்பார்கள். உள்ளே போனதும், அத்தையும் மனைவியும் வாசலில் குடைகளைத் தண்ணீர் வடிய உதறிக்கொண்டிருக்க, மகள் வழக்கம்போலக் கைபேசியை நீட்டினாள். சமையற்காரர் என் வயதுக்காரர். கைபேசியிடம் ஏதோ சொன்னார். திரையில் தமிழில் வந்தது: 'எங்கள் சாறு எல்லாமே காய்ந்த மீனில் செய்தது. மிகவும் வருந்துகிறேன்.' சொன்னதோடு விடாமல், எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று உள்ளேயிருந்து ஒரு கட்டையை எடுத்து வந்து காட்டினார். மாசிதான். அத்தை வீட்டு டப்பாவில் கிடந்த அதே மாசி. முன்கைகள் இரண்டையும் குறுக்கே வைத்து, வேண்டாம் என்பதுபோலச் சைகை செய்தார். நான் நான்கு விரல்களைக் காட்டினேன். அவர் வாசலில் நின்ற அத்தையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, மீன்னு போட்டிருக்கு."

"வெறும் தண்ணிதான். ஆச்சிட்ட சொல்லாத," என்றேன்.

அத்தை வந்து உட்கார்ந்ததும் கேட்டாள். "இதுல மீனு என்னமும் கெடக்கால?"

"காளான் சாறு அத்தை."

முதல் மடக்குக்குப் பிறகு சிரித்தவள், இரண்டாவது மடக்கில் கொஞ்சம் யோசித்தாள். "மாசி வாசம் மாதிரி வருதே," என்றாள். காளானைக் காயவைத்துப் புகை போடுவார்கள், அதனால்தான் என்றேன். பொய்க்கு இவ்வளவு விவரம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் மீன் அறிந்த தன் நாக்கை அவள் ஒதுக்கி வைத்துவிட்டு என் சொல்லை எடுத்துக்கொண்டாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கிளம்பும்போது சமையற்காரரைக் கும்பிட்டு, "நல்லா இருந்துச்சுய்யா," என்றாள். அவர் பதிலுக்கு நன்றாகக் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் பார்த்தது என்னை. மகள் தன் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

விடுதிக்குத் திரும்பியதும் மனைவியிடம் சொன்னேன். சொன்னால் பாதி இறங்கிவிடும் என்று நினைத்தேன். "ஊருக்குப் போறதுக்குள்ள நீங்களே அத்தைகிட்ட சொல்லிருங்க," என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன். ரயிலில் சொல்லலாம் என்று இருந்தேன், விமானத்தில் சொல்லலாம் என்று இருந்தேன், பிறகு எதற்கு ஆறிப்போனதைக் கிளற வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் அத்தை அதை ஆறவிடவில்லை. கோவில்பட்டிக்குத் திரும்பியதும் கோயிலில், கடைத்தெருவில், பசுவந்தனையில் இருக்கும் பழைய சிநேகிதியிடம் என்று எல்லோரிடமும் அந்தச் சூப்பைப் பற்றித்தான் பேச்சு. "மான் கும்பிடுததும் பாத்தேன், அந்தச் சூப்பும் குடிச்சேன். போதும்," என்பாளாம். அடுத்த வருடம் மகனின் நினைவு நாள் நெருங்கியபோது எனக்குப் போன் செய்தாள். ஒவ்வொரு வருடமும் அன்று காலை பூசை முடிந்ததும் அவனுடைய கூட்டாளிகளுக்குச் சாப்பாடு போடுவாள். எல்லோரும் இப்போது முப்பது வயது தாண்டியவர்கள். மனைவி பிள்ளைகளோடு வருவார்கள். "இந்தத் தடவ அந்தச் சப்பான் சூப்பு வைக்கலாம்னு இருக்கேன். அந்தக் காளான் எங்கனயும் கிடைச்சா வாங்கிட்டு வா," என்றாள். கிடைக்கவில்லை என்றேன். அவள் மதுரையிலிருந்து யாரையோ பிடித்துக் காய்ந்த காளான் வரவழைத்துவிட்டாள்.

நினைவு நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் நாங்கள் போய் இறங்கியபோது அத்தை அடுப்படியில் நின்றாள். மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டாளாம். நான் கை கழுவுவதற்குள் ஒரு கரண்டி சாற்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிச்சுப் பாரு. என்ன குறையுது?"

குடித்தேன். "சரியாத்தான் இருக்கு அத்தை."

"ஒண்ணும் சரியா இல்ல. நானுந்தான குடிச்சேன். கூத்தப் பாரு, ஒரு துண்டு மாசி இடிச்சுப் போட்டா சரியா வந்துரும்னு என் நாக்கு சொல்லுது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்கு எங்கே கிடைக்கும். நான் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். கதவருகே நின்ற மகள்தான் சொன்னாள். "மாசிதான் ஆச்சி. அன்னிக்கு அந்தக் கடையில காட்டினாங்க."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று சொல்லியிருந்தால் அப்போதும் நம்பியிருப்பாள் என்றே நினைக்கிறேன். நான் தரையைப் பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஒனக்கு அன்னிக்கே தெரியுமாட்டி?" என்று மகளிடம் கேட்டாள்.

"தெரியும் ஆச்சி. அப்பா சொல்ல வேண்டாம்னாங்க." மகள் அழத் தொடங்கினாள்.

அத்தை அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள். "எனக்குக் குடுத்தத நான் ஆண்டவர்ட்ட சொல்லிக்கிடுவேன். இந்தப் பிள்ளைய ஒரு வருசம் இதச் சுமக்க விட்டுட்டியேல." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாற்றை முற்றத்துக் குழியில் கொட்டினாள். பாத்திரத்தைத் தானே தேய்த்தாள். சாம்பாருக்குப் பருப்பு எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்பவர்களின் வரிசையில் அத்தை போய் நின்றாள். முழங்கால் வலியோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து மண்டியிட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றியவன் உட்கார்ந்திருக்க, ஏமாந்தவள் மண்டியிட்டிருந்தாள். எழுந்து போய் அவள் பின்னால் நிற்க நான்கு எட்டு போதும். மனைவி என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

சாப்பாடு வீட்டு முன்னால் போட்ட பந்தலில். அத்தை கடைசி இலைக்கு அப்பால் நின்று சோறு வைத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் சாம்பார் வாளி. நான்கைந்து இலைக்கு ஊற்றியிருப்பேன். அவன் கூட்டாளிகளில் ஒருவர், அவனோடு பாலிடெக்னிக்கில் படித்தவர், நிமிர்ந்து கேட்டார். "அண்ணாச்சி, அம்மா ஒரு வருசமாச் சொல்லுதாவளே, அந்தச் சப்பான் சூப்பு எங்க?" பக்கத்து இலைகளிலும் சிரித்தார்கள். அத்தைக்கும் கேட்டிருக்கும். அவள் நிமிரவில்லை. நமக்குச் சரிப்படவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அவளே என்னைக் காப்பாற்றிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அவள் வாயெடுப்பதற்குள் நான் சொன்னேன்.

"அதுல மீன் இருந்துச்சு. தெரிஞ்சே நான்தான் அத்தைக்குக் குடுத்தேன். காளான்னு சொன்னேன்."

குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அந்த வரிசையில் இருந்த எல்லோருக்கும் அத்தை ஏன் மீனை விட்டாள் என்று தெரியும். அந்த மீனை அன்று யார் கேட்டது என்பதும் தெரியும். கேள்வி கேட்டவரின் கை இலையில் அப்படியே நின்றது. யாரோ குழந்தையை அதட்டினார்கள். என் மகள் தண்ணீர் ஜாடியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தலின் அந்தக் கோடியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"சாம்பார் ஆறுதுல. ஊத்திக்கிட்டே வா."

அடுத்த இலைக்குக் குனிந்தேன்.