நுணுக்குக்காட்டிக்கு வெயில் வேண்டும்

கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படித்துவிட்டு, பயிற்சிக்கென்று தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: நமக்குப் படிப்பிக்க வருமா என்ற பயத்தைவிட, எதை வைத்துப் படிப்பிப்பது என்ற பயம்தான் பெரிது.

அலுமாரி திறந்தது

மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கத்தில் எங்கள் பாடசாலை. என்னோடு பயிற்சிக்கு வந்த ஸ்டெல்லா இறம்பொடைக்காரி. "இங்க ஒண்ணுமே இல்லடி, படம் வரைஞ்சு ஒட்டிட்டுப் போவோம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் பாடசாலை அதிபரின் அலுமாரியில், பொலித்தீன்கூடப் பிரிக்காத ஒரு நுணுக்குக்காட்டி, அதாவது மைக்ரோஸ்கோப், இருந்தது. கேட்டேன். அவரே இறக்கி, கைக்குட்டையால் துடைத்து மேசையில் வைத்தார். "பச்சப்புள்ளயத் தூக்குற மாதிரி ரெண்டு கையாலயும் தூக்குங்க டீச்சர்."

ஏழாம் வகுப்பு காத்திருந்தது

அது கரண்டில் வேலை செய்கிற சாமான் இல்லை. கீழே ஒரு சின்னக் கண்ணாடி. அதில் வெளிச்சம் பட்டால்தான் மேலே ஏதாவது தெரியும். வெங்காயத் தோலை உரித்து வைத்த நேரம் பார்த்து, ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. குனிந்து பார்த்தால் ஒரே இருட்டு.

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை. பனி விலகி வெயில் விழுந்ததும் முதலில் பார்த்தவள் கவிதா. கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்களும் அவளை இடிக்கவில்லை. அவள் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள். கலம், கலச்சுவர் என்று செல்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க நான் தயாராக நின்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், உள்ளுக்க லயம் லயமா கட்டியிருக்காங்க."

சுவரோடு சுவர் ஒட்டிய, அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளேதான்; கலச்சுவரை நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

மழையில் கரைந்த படம்

ஸ்டெல்லாவின் பாடத்துக்குப் புள்ளி போடக் கல்லூரி விரிவுரையாளர் வரும் நாள். இலை மூச்சுவிடும் நுண்துளையான இலைவாயைப் பெரிதாக வரைந்த பிரிஸ்டல் போட் அட்டை, பஸ்சிலிருந்து இறங்கி வருவதற்குள் மழையில் கரைந்துவிட்டது. அவள் அழவில்லை. கைப்பையைத் துழாவி நகப்பூச்சுப் போத்தலை எடுத்தாள்.

முற்றிய தேயிலை ஒன்றின் அடிப்பக்கத்தில் அதைப் பூசி, காய்ந்ததும் இலைவாய்களின் அச்சோடு செலோடேப்பால் உரித்து, நுணுக்குக்காட்டியில் வைத்தாள். மழையும் விட்டு வெயில் வந்திருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கோயிலில் நிற்பது போல ஒதுங்கி நின்றார்கள்.

கடைசியாக விரிவுரையாளர் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பயத்தில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "எத்தனையோ வருஷமா இதப் படிப்பிக்கிறேன் பிள்ள, நேர்ல இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அந்த ஒற்றை நுணுக்குக்காட்டியில் நாங்கள் பார்க்காதது எதுவுமில்லை, பாடசாலைக்கு வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற ஆய்வுகூடத்தைத் தவிர.