குனிந்த தலை

ராயபுரத்தில் குடியிருந்தபோது, துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த தோஸ்து ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் டப்பா கேமராவை எனக்குக் கொடுத்தான். என்னை நானே படம் பிடிக்க வேண்டும் என்று ஆசை. ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தால் சிரிக்கச் சொல்லி அதட்டுவார்கள். யாராவது சிரிக்கச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

சுவர்க் கண்ணாடியைக் கழற்றி மொட்டை மாடியில் சாய்த்து வைத்தேன். வெயில் என் மேல் விழும்படி சற்றுத் தள்ளி நின்று, கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அதன் மேற்புறத்தில் இருந்த சின்னக் கண்ணாடியில் என் உருவம் நடுவில் வந்ததும் அழுத்தினேன்.

கழுவி வந்த படத்தில் முகத்தைக் காணோம். வகிடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"இன்னாய்யா இது, கோயில்ல ஃபாதராண்ட பாவசங்கீர்த்தனம் பண்றவன் மாரி கீறே!" என்று என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

குனிந்து பார்த்துச் சரிசெய்த பிறகு, அழுத்தும்போது நிமிர்ந்துவிட வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. மறுபடி கேமராவை வாங்கி அப்படியே எடுத்தேன். சட்டைப் பை வலப்பக்கம் போய்விட்டாலும், மீசையும் கண்ணும் ராஜா மாதிரி விழுந்திருந்தன.

புதுப் படத்துக்கு ஆசையாகச் சட்டம் வாங்கி வந்தேன். அவள் அதில் பழைய படத்தைப் போட்டு, மாதா படத்துக்குக் கீழே மாட்டிவிட்டாள். நான் கத்தினேன்.

"அந்த மூஞ்சியத்தான் தெனம் பாக்குறேனே! நீ தல குனிஞ்சி நின்னத இதுலதான்யா பாத்தேன்" என்றாள்.