உப்பு வரலாம்... வரலாம்...

பஸ் ஓட்டுகிறவர்களில் வாயாடிகள் உண்டு, பாட்டுப் பாடுகிறவர்கள் உண்டு, முன்னால் போகிற வண்டிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுகிறவர்கள் உண்டு. நம்ம ஆள் எதிலும் சேர்த்தியில்லை. டிப்போவில் அவருக்குப் பெயர் பிரேக். பேச ஆரம்பிப்பார், பாதியில் நின்றுவிடுவார்; அதனால் வந்த பெயர். "நாளைக்கு நான் வந்து..." என்பார். அதற்குமேல் ஒன்றும் வராது. வயது நாற்பத்தாறு. இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார், தம்பியைப் படிக்கவைத்தார், இதற்கு நடுவில் தனக்கும் ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ள மறந்துபோனார். மறந்துவிட்டேன் என்பது அவர் கட்சி. கேட்கப் பயம் என்பது என் கட்சி.

கேட்க வேண்டிய இடமும் ஒன்றே ஒன்றுதான். பல வருஷமாக அவர் பஸ்ஸிலேயே வருகிற கண்டக்டரம்மா. அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மத்தியானம் கடைசி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தியதும் தன் டிபன் பாக்ஸில் பாதியை பிரேக் பக்கம் தள்ளுவார். இவர் தின்றுவிட்டு "ரொம்ப நல்லா..." என்று நிறுத்துவார். "இருக்கா, இல்லையா? அதையாவது சொல்லித் தொலைங்களேன்!" என்று அந்தம்மா சிரிப்பார். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் தலையில் இடி: திங்கட்கிழமையிலிருந்து கண்டக்டரம்மாவுக்கு வேறு ரூட். ஊருக்கு அந்தக் கோடியில். இனிமேல் பார்ப்பதே அபூர்வம்.

பிரேக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சனிக்கிழமை டூட்டி முடிந்து இறங்கும்போது, "நாளைக்கு மத்தியானம் எங்க வீட்டுக்கு சாப்பிட..." என்றார்.

"வரணுமா? வர்றேன். யாரு சமைக்கிறது?"

"நான்தான் சமைக்கிறேன்."

பார்த்தீர்களா, வாழ்க்கையிலேயே முழுசாகச் சொன்ன ஒரு வாக்கியம், அதுவும் பொய்! அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, அவர் கூப்பிட்டபடி, டிப்போக் கூட்டாளிகள் இருவர் வந்து இறங்கிவிட்டார்கள். ஒருவன் விசில், அவனும் கண்டக்டர். அவன் பெண்டாட்டி தையல் கடை வைத்திருப்பதால் வீட்டுச் சமையல் முழுக்க அவன் கை. இன்னொருவன் ஸ்பேனர், ஷெட் மெக்கானிக். சமையலைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது சாப்பிடுவது மட்டும்தான், ஆனால் அபிப்பிராயத்துக்குக் குறைச்சல் கிடையாது.

விசில் சொன்னான்: "தக்காளியில முட்டை உடைச்சு ஊத்துறது. எங்க வீட்ல பசங்க சட்டியை வழிச்சுத் திம்பாங்க. ரொட்டி வாங்கி வச்சுட்டா வேலை முடிஞ்சுது. ஆனா நீதான் செய்யணும் மச்சான். நான் செஞ்சா சமையல் வாசனை என் மேலதான் அடிக்கும், உன் மேல அடிக்காது. வந்தவுடனே கண்டுபிடிச்சிடுவாங்க."

சமையலறை அகலம் ஒரு ஆளுக்குத்தான். அதனால் பிரேக் உள்ளே, மற்ற இருவரும் கூடத்தில் ஜன்னலோரமாக. அங்கேயிருந்தே விசில் சொல்லச் சொல்ல இவர் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. பஸ்ஸைப் பின்னால் எடுப்பது போலத்தான். டிரைவருக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. கண்டக்டர் இறங்கி நின்று குரல் கொடுக்க வேண்டும், டிரைவர் அதை மட்டும் கேட்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் பிரேக் ஒரே ஒரு தடவை குரலை விட்டுவிட்டுத் தன் கண்ணை நம்பினார். டிப்போ கேட் இன்றைக்கும் கோணலாகத்தான் நிற்கிறது.

"எண்ணெய் காய்ஞ்சுதா? வெங்காயம் வரலாம்... வரலாம்... போதும்! நல்லா சிவக்கணும், அவசரப்படாதே."

வெங்காயம் சிவந்துகொண்டிருந்தபோது கூடத்தில் பழங்கதை கிளம்பியது. விசில் ஒருநாள் டீக்கடையில் இருந்தபோது வண்டி அவனை விட்டுவிட்டுக் கிளம்பியதும், அவன் பின்னால் வந்த ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போய்த் தன் பஸ்ஸிலேயே பயணி மாதிரி ஏறியதும், ஒரு பாட்டையா அவனிடமே "டிக்கெட் எடுத்தியா தம்பி?" என்று கேட்டதும். ஸ்பேனர் சிரித்துச் சிரித்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அதை விடு," என்றான் விசில். "நம்ம பிரேக்கு பஸ்ஸை முட்டுச்சந்துல விட்ட கதை தெரியும்ல? ஒருத்தன் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிட்டு ஏறி முன்னாடி நின்னானே, அன்னைக்கு. திரும்ப வேண்டிய இடத்துல திரும்பாம நேரா உள்ள விட்டுட்டாரு. சந்து முழுக்கப் பின்னாலேயே எடுக்கணும். கண்டக்டரம்மா இறங்கி 'வரலாம் வரலாம்'னு கத்த, பஸ்ல இருந்த அத்தனை பேரும் சேர்ந்து கத்த, ரெண்டு பக்கமும் மாடியில ஜனம் கை தட்ட... திருவிழாதான் போ! ஆனா ஏன் மச்சான் அன்னைக்குத் திரும்பல? தூங்கிட்டியா?"

சமையலறையில் கரண்டி வெங்காயத்தை வேகவேகமாகக் கிளறியது. பிறகு, "அந்தக் கண்ணாடியில அவங்க தெரிஞ்சாங்க. சிரிச்சுக்கிட்டே டிக்கெட் கொடுத்துட்டு..." என்று குரல் வந்து நின்றது.

கூடத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் போட்ட கூச்சல் இருக்கிறதே! "அடப்பாவி! கல்லுளிமங்கா! நாப்பது பேரோட உயிரைக் கையில வச்சுக்கிட்டு நீ கண்ணாடியில காதல் பண்ணினியா?" ஸ்பேனர் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டான். பிரேக் கரண்டியும் கையுமாக வெட்கப்பட்டு நின்றார். வெங்காயம் கொஞ்சம் தீய்ந்தது.

"தக்காளியைப் போடு, நல்லா மசி. மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன். இப்ப உப்பு. கொஞ்சம் கொஞ்சமா. நான் போதும்ங்கிற வரைக்கும். உப்பு வரலாம்... வரலாம்..."

இந்த இடத்தில்தான் விதி வந்து நின்றது, ஒரு சின்ன வேன் உருவத்தில். ஜன்னலுக்கு வெளியே சந்தில் எவனோ வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். தாறுமாறாக எடுத்தான். இன்னும் ஒரு முழம் கோணினால் எதிர்வீட்டுச் சுவரில் இடிப்பான். ஒரு கண்டக்டர் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பானா? விசில் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். "வரலாம்... வரலாம்... தாராளமா வரலாம்... இன்னும் வரலாம்... பயப்படாம வாங்கண்ணே... அப்படியே... வரலாம்... போதும்!"

வேன் அழகாக வெளியே போனது. டிரைவர் கை தூக்கி நன்றி சொன்னான். விசில் பெருமையாக உள்ளே திரும்பினான்.

"போட்டாச்சு," என்றார் பிரேக். கையில் உப்பு டப்பா காலி.

"டேய்! கண்ணு எங்கடா போச்சு? பாத்திருக்க வேணாமா?"

"குரல் கொடுக்கும்போது கண்ணால பாக்கக் கூடாதுன்னு..."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழமொழி சொன்னவர்கள், உப்பு மட்டுமே உள்ள பண்டத்தை எங்கே போடுவதென்று சொல்லாமல் போய்விட்டார்கள். ஸ்பேனர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினான். தண்ணீர் ஊற்றினார்கள். உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சும் என்றான் ஸ்பேனர். போட்டார்கள், கிழங்கும் கெட்டது. இருந்த தக்காளியெல்லாம் பிழிந்தார்கள். சட்டி போதாமல் குளிக்கிற வாளியைப் பார்க்கிற நிலைமைக்கு வந்தபோது வாசலில் கண்டக்டரம்மாவின் குரல் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

கூட்டாளிகள் இருவரும் பாய்ந்து படுக்கையறைத் திரைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். பிரேக் இருக்கிற முட்டையை உடைத்து ஊற்றி, மூடி வைத்து எடுத்துப் பரிமாறினார். கண்டக்டரம்மா ரொட்டியைக் கிள்ளித் தோய்த்து வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். முழு டம்ளர் தண்ணீரையும் குடித்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தார் பிரேக்.

"உள்ள இருக்குற ரெண்டு பேரும் வெளிய வாங்க," என்றார் கண்டக்டரம்மா. "வாசல்ல மூணு ஜோடி செருப்பு கிடக்குது. உங்களுக்கு என்ன ஆறு காலா?"

முழுப் பூசணிக்காய்கள் இரண்டும் தலையைச் சொறிந்துகொண்டு வந்தன. விசில் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான், வேன் உட்பட. கேட்கக் கேட்க அந்தம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, புரையேறி, ஸ்பேனர் அவர் தலையைத் தட்டிவிட வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரேக் பக்கம் திரும்பினார்.

"சரி. ரெண்டு ஆளைக் கூட்டி வச்சு, ஒரு டப்பா உப்பைக் கொட்டி, இவ்வளவு கூத்தும் எதுக்கு? அதைச் சொல்லுங்க."

"நாளையிலேருந்து நீங்க வேற ரூட்டு. எனக்கு வந்து..."

நின்றார். விசில் வாயைத் திறந்தான். ஸ்பேனர் அவன் காலை மிதித்தான். கண்டக்டரம்மா ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு வந்து, நீங்க இல்லாம வண்டி ஓட்டவே பிடிக்கல. வீட்டுக்கு வரவும் பிடிக்கல. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" என்றார் பிரேக்.

கண்டக்டரம்மா தட்டைத் தள்ளி வைத்தார். சேலைத் தலைப்பால் இன்னொரு தடவை கண்ணைத் துடைத்தார். இந்தத் தடவை சிரிப்பினால் இல்லை.

"மொதல்ல கடைக்குப் போய் ஏதாவது வாங்கிட்டு வாங்க, பசிக்குது," என்றார். "வரும்போது பழமும் வாங்கிக்குங்க. சாயங்காலம் எங்கம்மாகிட்ட வெறுங்கையோடயா வந்து பேசுவீங்க?"