பித்தளைப் பானையும் ஒரு மணி நேரமும்

மாசியிலும் பங்குனியிலும் தென்காசியிலிருந்து எத்தனை மனுப் போட்டாலும் மதராஸிலிருந்து ஒரு பதில் வராது. ஆனி பிறந்து, மலையில் மேகம் இறங்கி, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று பேப்பரில் வந்துவிட்டால் போதும், அத்தனை அதிகாரிகளுக்கும் எங்கள் பக்கத்தில் ஏதாவது ஒன்றை நேரில் பார்த்தே ஆக வேண்டிய அவசியம் வந்துவிடும். அப்படித்தான் எங்கள் கம்பெனியையும் ஒருவர் பார்க்க வந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நாலு வயது, டிப்ளமா படித்த திமிர் உடம்பெல்லாம் இருந்தது.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குத்துக்கல்வலசை போகிற வழியில் புண்ணாக்கு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கி ஒன்று. அதற்குள் மூன்று பேர். முதலாளி ஒருவர், அவரை நான் அண்ணாச்சி என்பேன். பெட்ரோமாக்ஸ் விளக்கு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்து எங்களிடம் வந்த பாய் ஒருவர். அப்புறம் நான். கிட்டங்கிக்குள் நுழைந்தால் புண்ணாக்கு வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் சேர்ந்து அடிக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் அம்மா சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லுவாள்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது அடுப்பிலிருந்து மின்சாரம் எடுக்கிற மெஷின். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்து உருக்கிப் பத்தவைத்து, ஒரு முனையைச் சூட்டிலும் மறுமுனையைக் குளிர்ச்சியிலும் வைத்தால் கொஞ்சம் மின்சாரம் உண்டாகும். கொஞ்சம் என்றால் எறும்புக்குக்கூட உறைக்காது. அதனால் நூற்றுக்கணக்கான ஜோடிகளை வளையமாகக் கோத்திருந்தோம். நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பு, சுற்றிலும் கம்பி, வெளி முனைகள் எல்லாம் ஒரு பித்தளைப் பானையைத் தொட்டுக்கொண்டிருக்கும், பானைக்குள் பச்சைத்தண்ணீர். நாலு டார்ச் செல் போட வேண்டிய டிரான்சிஸ்டர் ரேடியோ செல் இல்லாமலே அதில் பாடும். மலைமேல் எஸ்டேட்டிலும் காட்டு வேலைக் கூடாரங்களிலும் நாள் முழுக்க அடுப்பு எரிகிறது, கரண்ட் மட்டும் இல்லை. அந்த அடுப்பெல்லாம் பாடப் போகிறது என்று அண்ணாச்சி கையை விரித்துச் சொல்லுவார். எனக்கும் அது புல்லரிக்கும். பொய் சொல்லவில்லை, அந்த மெஷின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை.

ஒரு கோளாறுதான். ரேடியோ கால் மணி நேரம் நன்றாகப் பாடும். அப்புறம் பாடகருக்குத் தொண்டை கட்டும், முனகுவார், நின்றுவிடும். மூன்று வருஷமாக இதே கதை.

அடுப்பு அண்ணாச்சி வடிவமைத்தது. பத்தவைப்பு பாயுடையது. பானை என்னுடையது. நாலு பக்கமும் போல்ட் போட்டு, வாயைக் குறுக்கி, பார்ப்பதற்குக் கல்யாணச் சீர்ப் பாத்திரம் மாதிரி நான் செய்த பானை. ரேடியோ நிற்கிற நேரத்தில் பானையைத் தொட்டால் கை சுடும். தண்ணீரும் சூடேறி, இரண்டு முனையும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் மின்சாரம் எங்கிருந்து வரும்? டிப்ளமாக்காரனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் சோதனை நோட்டில் ஒவ்வொரு தடவையும் 'பத்தவைப்பு பலவீனம்' என்று என் கையாலேயே எழுதினேன். பானை என்று எழுதினால் பழி என் தலையில் விழும். பாய் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சரி தம்பி" என்று அத்தனை கம்பியையும் பிரித்து மறுபடி பத்தவைப்பார். ஏழு தடவை பத்தவைத்தார் மனுஷன். இதை இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணாச்சிக்குத் தொழில் ரகசியம் என்று ஒரு பைத்தியம். மதராஸிலும் பம்பாயிலும் பெரிய கம்பெனிக்காரர்கள் எங்கள் கிட்டங்கிச் சுவரில் காதை வைத்துக் கேட்கிறார்கள் என்று நம்பினார். கேட்டால் அவர்களுக்குப் புண்ணாக்கு விலைதான் தெரிந்திருக்கும். மெஷின் எப்படி ஓடுகிறது என்று யார் கேட்டாலும் 'சூட்டுல ஓடுது' என்பதோடு நிறுத்த வேண்டும். குளிர்ச்சி என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. வீட்டில் தன் பெண்டாட்டியிடமும் அவ்வளவுதான் சொல்லியிருந்தார். அவர்களை நான் மதினி என்பேன். வாய் ஓயாமல் கேள்வி கேட்கிறவர்கள். மூன்று வருஷமாக இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர்களுக்குப் பாதிப் பதில்தான் கிடைத்தது.

அந்த வருஷம் நிலைமை கழுத்தைப் பிடித்தது. கம்பிக்குப் பதிலாக வெளிநாட்டுக் கலப்பு உலோகக் கட்டி கிடைத்தால் மெஷின் பத்து மடங்கு நன்றாக ஓடும். அதைத் தருவிக்க இறக்குமதி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு அந்த அதிகாரியின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் கிட்டங்கியைப் பூட்டிவிட்டு மறுபடி புண்ணாக்கு வியாபாரத்துக்கே போவதாக அண்ணாச்சி சொல்லிவிட்டார். என் சட்டைப் பையிலோ ஒரு சர்க்கார் வேலை ஆர்டர். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திருநெல்வேலியில் போய்ச் சேர வேண்டும், தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு. அப்பாவிடம் கெஞ்சி ஒரு ஒப்பந்தம் செய்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடிதம் கிடைத்தால் கம்பெனியிலேயே இருப்பேன், கிடைக்காவிட்டால் திங்கள் விடியற்காலை ரயில் ஏறுவேன். அப்பா யோசித்துவிட்டு, எதற்கும் பெட்டியைக் கட்டி வை என்றார்.

அதிகாரியைப் புண்ணாக்குக் கிட்டங்கியில் உட்கார வைக்க முடியுமா? குற்றாலத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு வீட்டை நாலு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, மெஷினை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் முன் அறையில் வைத்தோம். கால் மணி நேரக் கோளாறுக்கு அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ரேடியோ பத்து நிமிஷம் பாடியதும் மதினி உளுந்தவடையும் காப்பியும் கொண்டுவர வேண்டும். சாப்பிடும்போது எதற்கு இரைச்சல் என்று மரியாதையாக ரேடியோவை நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு பெரிய மூளை பாருங்கள்.

ஞாயிறு மத்தியானம் அதிகாரி வந்து இறங்கினார். கழுத்தில் மப்ளர், மூக்கில் கைக்குட்டை, இரண்டு வார்த்தைக்கு ஒரு தும்மல். ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு ஓடுகிற நாளில் அந்த மனுஷனுக்குத் தண்ணீரைக் கண்டால் நடுக்கம். மதினி பதறிப்போய்ப் பெரிய அண்டாவில் வெந்நீர் போட்டார்கள். அவர் குளித்துவிட்டு வரட்டும் என்று நானும் பாயும் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தோம். பானை காலியாக இருந்தது. மதினியைக் கூப்பிட்டு அதில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்லிவிட்டு அதிகாரியின் பெட்டியை இறக்கப் போனேன். தண்ணீர் என்றுதான் சொன்னேன். என்ன தண்ணீர் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லையே.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். நான் ரேடியோவின் காதைத் திருகினேன். ஒன்றுமில்லை. கம்பியை ஆட்டினேன். ஒன்றுமில்லை. அண்ணாச்சி அடுப்புத் திரியைத் தூக்கினார், அறை முழுக்கப் புகை வந்ததுதான் மிச்சம். நான் பழக்கதோஷத்தில் பாயைப் பார்த்து, "பத்தவைப்பு" என்றேன். அந்த நேரம் பார்த்து, பத்து நிமிஷம் ஆகிவிட்டது என்று மதினி வடைத் தட்டோடு உள்ளே வந்தார்கள்.

பாய் பானையின் மேல் கையை வைத்து, வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"தண்ணி கொதிக்குல்லா" என்றார்.

அண்ணாச்சிக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அதிகாரி இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் மதினியைப் பிடித்து வைதார். புத்தி இருக்கிறதா, மூன்று வருஷ உழைப்பை ஒரு செம்பு வெந்நீரில் கரைத்துவிட்டாயே என்று கத்தினார். மதினி தட்டைக் கீழே வைத்தார்கள்.

"சூட்டுல ஓடுத மெஷின்னு நீங்கதான சொன்னிய? மூணு வருஷமா சூடு சூடுன்னு உசுர வாங்கினிய. மழையும் சாரலுமா இருக்கே, பச்சத்தண்ணி ஊத்தினா அது வெறச்சுப் போவாதான்னு நல்ல கொதிதண்ணியா பாத்து ஊத்தினேன். வந்த ஆளுக்கே வெந்நீர் போட்டேன், அது வாயில்லா மெஷினு."

அதிகாரி தும்மிக்கொண்டே சிரித்தார். சிரித்தது நல்ல காலம் என்று நினைத்தால், அடுத்து அவர் சொன்னது தலையில் இடி. மறுநாள் மத்தியானம் அவருக்கு ரயில். காலையில் ஒரு மணி நேரம் இது நிற்காமல் ஓடினால் கடிதம் தருவார். ஒரு நிமிஷம் குறைந்தாலும் இல்லை. சொல்லிவிட்டு வடையில் நாலைத் தின்றுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம்! நாங்கள் மூன்று பேரும் மெஷினைச் சுற்றி உட்கார்ந்தோம், எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி. ரகசியத்தைக் கட்டிக்கொண்டு அழ இனி என்ன இருக்கிறது என்று அண்ணாச்சியே என்னிடம், "அவகிட்ட விவரத்தச் சொல்லும்வே" என்றார். வைதது மனதைக் குத்தியிருக்க வேண்டும். மதினியை உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மின்சாரம். மதினி கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்கள்.

"அப்பம், பக்கத்துல அடுப்பு எரிஞ்சா பானத்தண்ணியும் சூடாயிரும்லா? சூடாயிட்டா பாட்டு நின்னுரும்லா? அதப் போயி எதுக்குப் பானைக்குள்ள அடைச்சு வச்சிருக்கிய? வாசல்ல வாய்க்கா ஓடுதே."

வெளியே அருவியின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாகக் கிட்டங்கியிலிருந்து நாலு கல் தொலைவில் அது விழுந்துகொண்டிருக்க, நான் தண்ணீரைப் பித்தளைக்குள் போட்டு போல்ட் போட்டு வைத்திருந்தேன். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பாய் என்னைப் பார்க்காமல் தகரம் வெட்டுகிற கத்தரியை எடுத்தார். விளக்கு வைப்பதற்குள் என் பானையின் அடியையும் வாயையும் வெட்டி, இந்தப் பக்கம் வந்த தண்ணீர் அந்தப் பக்கம் போகிற மாதிரிக் குழாயாக்கிவிட்டார்.

மறுநாள் விடிந்தபோது எனக்கு ரயில். அப்பா பெட்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாது. ரயில் போகிற சத்தம் தூரத்தில் கேட்டபோது நான் வாய்க்காலில் முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு, வெட்டிய பானைக்குள் தண்ணீர் புகுந்து ஓடும்படி மெஷினை வைத்துக்கொண்டிருந்தேன். எட்டரைக்கு அதிகாரி எழுந்து வந்தபோதும் அங்கேயேதான் நின்று, ஒரு கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அடுப்புக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். கொட்டுகிற சாரலில் எனக்குக் குடை இல்லை. அதிகாரி கரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மதினி கொடுத்த வெந்நீர்ச் செம்பை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி கடிகாரத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்திருந்தார்.

ரேடியோ பாடியது. முதலில் நாகஸ்வரம். கால் மணி ஆனது. நாகஸ்வரக்காரருக்குத் தொண்டை கட்டவில்லை. செய்தி வந்தது. அப்புறம் பருத்திச் செடியில் பூச்சி விழுந்தால் என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்தார். உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆம்லெட் எப்போது போடுவீர்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குடையை விட்டெறிந்திருப்பேன். பூச்சி மருந்துக்காரர் முடிக்கவே இல்லை. கடைசியில் அண்ணாச்சி கடிகாரத்தை இறக்கி, "சார், ஒரு மணி" என்றார். அப்புறம் மதினியைப் பார்த்தார். மதினி முதல்நாள் கோபம் மாறாமல் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அதிகாரி அங்கேயே, மடியில் வைத்துக் கடிதம் எழுதினார். இந்த ஓடும் தண்ணீர் யோசனை யாருடையது என்று கேட்டார். அண்ணாச்சி தயங்காமல், வீட்டில் உள்ளவர்களுடையது என்றார். தொழில் ரகசியம் அன்றோடு போயிற்று.

கரை ஏறியதும் சட்டைப் பையில் கையை விட்டேன். வேலை ஆர்டர் கூழாக வந்தது. மணி பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது.

பாய் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார். இனிமேலும் சொல்லாவிட்டால் மனுஷனே இல்லை என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து, மூன்று வருஷமாக உங்கள் பத்தவைப்பில் ஒரு குறையும் இல்லை, பானைதான் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும், வேண்டுமென்றேதான் உங்கள் தலையில் போட்டேன் என்று சொல்லி முடித்தேன். அவர் அடுப்புத் திரியைத் துடைத்து முடித்தார்.

"எனக்கும் தெரியும் தம்பி. மொதத் தரமே பானையத் தொட்டுப் பாத்துட்டேன்லா."

"பின்ன ஏன் பாய் சொல்லல? ஏழு தரம் பிரிச்சுப் பத்தவச்சியளே."

"பானைன்னு சொல்லியிருந்தா உமக்கு ரோசம் வந்து அப்பமே ரயிலேறியிருப்பீரு. பத்தவைப்புன்னா இன்னொரு தரம் பத்தவச்சாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, ஈரமான அந்த ஆர்டரை என் கையிலிருந்து வாங்கி, மெஷினின் கரியைத் துடைத்தார்.