சாக்கடைக்கு ஒரு பொன்னாடை

காலை ஆறு மணிக்குச் சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறினேன். மடியில் ஒரு நீலநிற ஐஸ் பெட்டி. அதை மேலே வைக்கவும் முடியாது, சீட்டுக்கடியில் தள்ளவும் முடியாது. உள்ளே இருப்பவை கிருமி நீக்கிய கண்ணாடிப் புட்டிகள். எதிர் சீட்டில் இருந்த அம்மா திருவள்ளூர் வரை பொறுத்துப் பார்த்தார், பிறகு கேட்டேவிட்டார்.

"இன்னாம்மா, பெட்டில மீனா?"

"இல்லைங்க. இப்போ காலி. வரும்போது சாக்கடைத் தண்ணி இருக்கும்."

அவர் தன் சாப்பாட்டுப் பையை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். "எவ்ளோ படிச்சிருக்க?" என்றார். நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் என்றேன். "இதுக்கா?" என்றார். என் தேர்வாளர்கள்கூட இவ்வளவு நறுக்கென்று கேட்டதில்லை.

நான் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியர். முப்பத்தாறு வயதில் "திட்டப் பணியாளர்" என்று அடையாள அட்டை மாட்டிக்கொண்டு அலைகிறேன். திட்டம் இருக்கும்வரை நானும் இருப்பேன். எங்கள் திட்டம் இதுதான்: ஆம்பூரில் தோல் பதனிடும் பட்டறைகளின் பின்னால் ஓடும் ஒரு சாக்கடையில், மருந்துக்கு அடங்காத கிருமிகள் எவ்வளவு இருக்கின்றன என்று ஓராண்டு முழுக்கப் பார்ப்பது. தோல் பதனிடும் குரோமியத்தைத் தாங்கப் பழகிய கிருமி, ஆன்டிபயாடிக்கையும் தாங்கப் பழகிவிடுகிறதோ என்று எங்களுக்குச் சந்தேகம். ஒப்பிட்டுப் பார்க்க, பட்டறையே இல்லாத கணியம்பாடியில் ஒரு வாய்க்கால். மாதம் ஒரு முறை, அதே இடம், அதே நேரம். இது கடைசி மாதம். இதுவும் கிடைத்துவிட்டால் இரண்டாம் கட்டம் கேட்கலாம். அதில் தொழிலாளர்களின் ஆறாத புண்களைச் சோதித்து, எந்த மருந்து இன்னும் கேட்கிறது என்று அந்த ஊர் டாக்டர்களுக்குச் சொல்லலாம். பதினோரு மாதமாக நான் நாற்றத்தில் குனிந்தது அதற்காகத்தான்.

எட்டரைக்குக் காட்பாடியில் இறங்கினேன். நசீர் பாய் வழக்கம்போல் காரோடு நின்றிருந்தார். முதல் மாதத்திலிருந்து இவர்தான் ஓட்டுநர். பெட்டியை வாங்கிப் பின்சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டார். எனக்குப் போடச் சொன்னதில்லை.

"இம்ரான் எப்படி இருக்கார் பாய்?"

இம்ரான் அவருடைய தம்பி. பட்டறையில் தோல் அலசும் வேலை. வருஷ ஆரம்பத்தில் காலில் தகரம் கிழித்த காயம் இன்னும் மூடவில்லை. இரண்டு விரல்கள் போய்விட்டன.

"அப்டியேதான் மா. மாத்திரை மாத்தி மாத்திக் குடுக்கறாங்க. நாலு நாள் கம்மியாவுது, அஞ்சாம் நாள் மறுபடி ஜாஸ்தியாவுது. ஒரே பேஜார். உங்க ரெண்டாவது கட்டம் எப்போ வரும்?"

"இன்னிக்கு எடுக்கறது ஒழுங்கா வந்தா, சீக்கிரம் பாய்."

வேலூர் ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்து, பாகாயம் தாண்டியதும் காற்று மாறியது. கணியம்பாடியில் வாய்க்கால் ஓரம் ஒரு கோழிப் பண்ணை. அதன் சொந்தக்காரர் குமாரசாமி, தீவனத் தொட்டியில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சீக்கு வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"ஐயே, சீக்கெல்லாம் இல்ல மேடம். வராம இருக்கத்தான். போட்டா வெயிட்டும் நல்லா ஏறுது. கடைக்காரனே குடுக்கறான்."

அந்தப் பொடிப் பொட்டலத்தில் இருந்த பெயரைப் படித்தேன். மனிதருக்கு வேறெதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து அது. நோயே இல்லாத கோழி கொக்கரித்துக்கொண்டு தின்கிறது. அவரிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஒப்பிடுவதற்கென்று நாங்கள் தேர்ந்தெடுத்த சுத்தமான இடத்தின் லட்சணம் இது. வாய்க்காலில் இரண்டு புட்டிகள் நிரப்பிக்கொண்டு கிளம்பினோம்.

அங்கிருந்து ஆம்பூர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு முன்னால் டீ குடித்தோம். பேராசிரியர் போன் செய்தார். அவர்தான் திட்டத்தின் தலைவர். இந்த ஓராண்டில் ஆம்பூருக்கு வந்ததே இல்லை.

"இந்தத் தடவை முன்கூட்டியே லெட்டர் போட்டிருக்கேன்மா. புது ரூல். எங்க போனாலும் அனுமதி வாங்கித்தான் போகணும். உனக்கு நல்ல ஒத்துழைப்பு இருக்கும். நாளைக்கு மதியம் கமிட்டி வருது, ஞாபகம் இருக்கில்ல?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். இதுவரை கடிதமும் இல்லை, தாளும் இல்லை. நான் பாட்டுக்குப் போவேன், குனிவேன், மொண்டுகொண்டு வருவேன். யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

பதினொன்றே முக்காலுக்கு அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் நசீர் பாய் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "யாராவது மினிஸ்டர் வர்றாங்களா மா?" என்றார்.

தெருவின் இரு ஓரமும் நேர்கோடாக வெள்ளை. நம் ஊரில் பெரிய மனிதர் வருகிறார் என்றால் போடுவோமே, அதே பிளீச்சிங் பவுடர். கண் எரிந்தது. சாக்கடை அருகே பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, பட்டறைகளின் சங்கத்து மேலாளர் செல்வராஜ் கையில் பொன்னாடையோடு நின்றார். பதினோரு மாதமும் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனவர்.

"வாங்க மேடம், வாங்க! விஞ்ஞானி வர்றாங்கன்னு லெட்டர் வந்துது. உங்கள அந்த நாத்தத்துல நிக்க வைக்கலாமா? நேத்தே ஆள வச்சு தூர் வாரிட்டோம். காலைல மூட்டை மூட்டையா பவுடர் கொட்டியிருக்கோம். பாருங்க, ஒரு கொசு இல்ல!"

பார்த்தேன். கொசு இல்லை. புழு இல்லை. நுரை இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்து நின்றது என் சாக்கடை. பொன்னாடையை என் தோளில் போர்த்தினார். யாரோ போட்டோ எடுத்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மனிதரைத் திட்டவும் வாய் வரவில்லை. மரியாதை செய்கிறவரை எப்படித் திட்டுவது?

"இன்னா மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று நசீர் பாய் தனியாகக் கேட்டார்.

"நான் கிருமியை உயிரோட எடுத்துட்டுப் போகணும் பாய். இவங்க எல்லாத்தையும் கொன்னுட்டாங்க. என் புட்டியில ஒரு மருந்து இருக்கு, அது குளோரினை முறிக்கும். ஆனா செத்ததை எழுப்பாது."

"அடப் பாவிங்களா!" என்றார் அவர். பிறகு, "கீழ ஆத்தாண்ட போய் எடுக்கலாமே?"

எடுக்கலாம். ஆனால் பாலாற்றில் சேரும் இடத்தில் ஊர்ச் சாக்கடை எல்லாம் கலந்துவிடும்; அது வேறு தண்ணீர். இன்னொரு நாள் வரலாமென்றால், திட்டம் இந்த வாரத்தோடு முடிகிறது. பேராசிரியருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "எடுக்கறதை எடும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். இரண்டு புட்டிகளை நிரப்பி, லேபிளில் "பிளீச்சிங் பவுடர் போட்டபின் எடுத்தது" என்று எழுதி ஒட்டினேன். ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி நிரப்பிக்கொண்டு, பிற்பகல் ரயிலில் ஆம்பூரை விட்டுக் கிளம்பினேன். பொன்னாடையைப் பெட்டிக்கடியில் மடித்து வைத்தேன், ஆடாமல் இருக்கட்டும் என்று. அது அதற்காவது உதவியது.

மாலையே ஆய்வகத்தில், ஆன்டிபயாடிக் கலந்த கிருமி வளர்ப்புத் தட்டுகளில் ஊற்றி வைத்தேன். மறுநாள் காலை திறந்து பார்த்தால் கணியம்பாடித் தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. அத்தனையும் மருந்தை மீறி வளர்ந்தவை. ஆம்பூர்த் தட்டில் ஒன்றுமே இல்லை. துடைத்துவைத்த சாப்பாட்டுத் தட்டு போல இருந்தது.

பேராசிரியர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாத்தியா, பதினோரு மாசம் ஏறிட்டே இருந்தது, கடைசி மாசம் ஜீரோ! அருமையா முடியுதும்மா கதை."

"சார், அது பிளீச்சிங் பவுடர் சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். சுகாதார நடவடிக்கைக்குப் பின் முழுமையான வீழ்ச்சி. கமிட்டி இதைத்தானே கேக்குது?"

"அடுத்த நாளே பட்டறைத் தண்ணி வந்து மறுபடி நிரம்பிடும் சார்! அங்க ஆளுங்களுக்குக் காலு போவுது!"

"உனக்கு அனுபவச் சான்றிதழ் வேணாமா?" என்றார், மிக அன்பாக.

மதியம் கமிட்டி வந்தது. அதற்காக எங்கள் தாழ்வாரம் முழுக்கப் பினாயில் போட்டுக் கழுவியிருந்தார்கள், வாசலில் வெள்ளைக் கோடு வேறு. ஆம்பூருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், அங்கே சாக்கடை வெளியில் தெரிகிறது, அவ்வளவுதான். ஒப்பந்த ஊழியர்களுக்குக் கூட்டத்தில் இடம் கிடையாது. பரிமாறும்போது உள்ளே போகலாம். தெருமுனையில் ஆம்பூர்ப் பெயர் போட்ட கடையிலிருந்து பிரியாணி வந்திருந்தது. கமிட்டித் தலைவரின் தட்டில் வைக்கும்போது குனிந்து, திரையில் தெரிந்த, கடைசி மாதத்தில் கோடு சரிந்த வரைபடத்தைக் காட்டிச் சொன்னேன்: "ஐயா, அந்தக் கடைசிப் புள்ளி பொய். அன்னிக்குச் சாக்கடையில பிளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தாங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நல்லதுதானேம்மா?" என்றார். "அந்தக் கத்தரிக்காய் இன்னும் கொஞ்சம் இருக்குமா?"

திட்டம் வெற்றிகரமாக நிறைவுற்றதாகப் பாராட்டினார்கள். பிரச்சினை கட்டுக்குள் வந்துவிட்டதால் இரண்டாம் கட்டம் தேவையில்லை என்று முடிவானது. என் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது நசீர் பாய் போன் செய்தார்.

"அடுத்த மாசம் எந்தத் தேதி மா? வேற சவாரி ஒத்துக்காம வச்சிருக்கேன்."

"இனிமே இல்ல பாய். ரெண்டாவது கட்டமும் இல்ல. முடிச்சிட்டாங்க."

"இன்னா மா சொல்றீங்க? ஏன்?"

"ஆம்பூர்ல கிருமியே இல்லைன்னு எழுதிட்டாங்க பாய்."

அந்தப் பக்கம் ரோட்டில் லாரி போகும் சத்தம் கேட்டது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார் போலிருக்கிறது.

"அப்போ எங்க இம்ரான் கால்ல இருக்கறது இன்னாவாம் மா?" என்றார்.